மாமா போட்ட வெள்ளைப் பட்டை

எங்கள் தோட்டத்தில் ஒரு மரத்து மிளகு பறித்து முடிந்ததா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் அப்பாவுக்குக் கிடையாது. அது மாமாவிடம் இருந்தது.

மாமா அம்மாவின் கூடப் பிறந்தவர். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு என்று பார்த்தால் நாலைந்து வார்த்தைகள் தேறும். அம்மாவைப் பெற்றவர்கள் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டார். குளிக்க வார்ப்பது, சோறு பிசைந்து வைப்பது, சட்டைப் பொத்தான் மாட்டுவது எல்லாம் அம்மாதான். என்னையும் கண்ணு என்பாள், அவரையும் கண்ணு என்பாள். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் இரண்டு பேரும் போய் நிற்போம். திட்டு யாருக்கு என்பது போன பிறகுதான் தெரியும்.

பறிப்புக் காலத்தில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடியில் கடைசிச் சரம் வரை பறித்து ஏணியை எடுத்ததும், மரத்தின் அடியில் சுண்ணாம்பால் ஒரு பட்டை போடுவார். பட்டை விழுந்தால்தான் ஆட்கள் அடுத்த மரத்துக்கு நகரலாம். உச்சியில் ஒரே ஒரு சரம் தங்கிவிட்டாலும் போச்சு. சுண்ணாம்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்தபடி நிற்பார். "போதும், போடு மச்சான்" என்று அப்பா கெஞ்சினாலும், "இன்னும்" என்பார். அந்த நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. கூலியாட்கள் முன்னால் அப்பாவின் மானம் அதிகம் கப்பலேறியது இந்த ஒரு வார்த்தையால்தான்.

பறிப்பு முடிந்த மாதங்கள்தான் கொடுமை. வேலை இல்லாத மாமா, பட்டை போட்ட மரங்களையே சுற்றிச் சுற்றி வருவார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார், ராத்திரி தூங்கமாட்டார். அம்மாவும் தூங்கமாட்டாள். எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். அந்த நேரத்தில்தான் வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில், மாற்றுத்திறனாளிகளுக்குப் படம் வரைய இடம் போட்டுக் கொடுத்தார்கள். நாமக்கல்லிலிருந்து ஓர் அக்கா சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். வண்ணம், தூரிகை, காகிதம் எல்லாம் அவர் பொறுப்பு.

அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மாமாவைப் பற்றி ஊரில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அம்மா நாள் கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகு, "போய்த் தொலைங்க. யாராச்சும் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னாலும் அத்தோட நிறுத்திப்போடோணும்" என்று சம்மதித்தார்.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போவேன். மாமா வண்ணம் கரைத்த தண்ணீரைக் குடித்துவிடாமல் பார்ப்பது என் உத்தியோகம். அவர் குடிப்பதாக இல்லை. மரங்களை வரைந்தார். ஒரு பெரிய தாளில், வாரம் தவறாமல், மரத்துக்குப் பக்கத்தில் மரம். எப்போது முடியும் என்று அக்கா கேட்டால், பதில் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரிகளில் மாமா அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் எல்லாருடைய படங்களையும் வைப்பதென்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும். முந்தின நாள் கிடங்குக்குள் கயிறு கட்டிப் படங்களைக் காயப் போட்டிருந்தார்கள். டீயும் போண்டாவும் வந்ததும் எல்லாரும் வெளியே போனோம். மாமா மட்டும் வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், ஒவ்வொரு படத்தின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. சுவருக்கு அடிக்க வைத்திருந்த பெயிண்டு. மேலே வீடும் கோயிலும் மாடும் இருக்க, கீழே எல்லாம் வெள்ளை. லாரி வரைந்திருந்த பையனின் லாரிக்குச் சக்கரமே இல்லை. பெயிண்டு டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு மாமா நின்றார்.

லாரிக்காரப் பையனுக்கு உதடு துடித்தது. அம்மாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மாமாவிடமிருந்து டப்பாவைப் பிடுங்கினாள். "என்ன காரியம் பண்ணிப்போட்ட கண்ணு" என்றாள். பிறகு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுப்போடுங்க. இனிமே கூட்டிக்கிட்டு வரலீங்க" என்றாள். எல்லாம் முடிந்துபோயிற்று என்று எனக்கும் அழுகை முட்டியது.

அக்கா கயிற்றின் நீளத்துக்கும் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "படம் என்னுது இல்லீங்களே. வரைஞ்சவங்க சொல்லட்டும்" என்றார்.

முதலில் வாயைத் திறந்தது திண்ணனூர் அத்தை. திண்ணனூர் நாட்டிலிருந்து மூன்று சக்கர வண்டியில் வருபவர். சின்ன வயதில் காய்ச்சல் வந்து கால்கள் சூம்பிப்போனவர். அதற்கும் சேர்த்து நாக்கு வேலை செய்யும். அவர் சொல்லப்போகும் வார்த்தை அப்பா காதுக்கு நிச்சயம் போய்ச் சேரும் என்று நான் நடுங்கினேன்.

"எல்லாருத்துக்கும் போட்டுருக்காரு. என்ற படத்துக்கு மட்டும் ஏன் போடல?" என்றார் அத்தை.

அப்போதுதான் கவனித்தோம். அவருடைய மயில் மட்டும் பட்டை இல்லாமல் தொங்கியது. மாமா அதனருகே போய், தோகையின் ஓர் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே வண்ணம் படாமல் தாள் தெரிந்தது.

"இன்னும்" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகு மரத்தையும் சுண்ணாம்பையும் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "பறிச்சு முடிஞ்சாத்தானுங்க பட்டை போடும். முடியாததுக்கு இவங்கப்பா சொன்னாலும் போடாதுங்க." மிளகுக்கொடி இல்லாத வீடு அங்கே இருந்தவர்களில் யாருக்கு இருக்கிறது? பாதி சொல்லும்போதே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தை சிரித்தே விட்டார். "நெசந்தானுங்க. போண்டா வாசம் வந்துதுன்னு அந்த மூலையை அப்பிடியே உட்டுப்போட்டேன்." படத்தை இறக்கச் சொல்லி, மடியில் வைத்து, அந்த ஓரத்தைத் தீட்டி முடித்தார். மாமா முன்னால் நீட்டி, "பாருங்க, ஆச்சா?" என்றார். மாமா குனிந்து, நிமிர்ந்து, இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா டப்பாவைக் கொடுத்தாள். பட்டை விழுந்தது.

"அப்போ என்ற லாரியும் முடிஞ்சுதுங்களா?" என்றான் பையன். மாமா கலெக்டர் மாதிரி தலையசைத்தார். சக்கரம் போன துக்கம் போன இடம் தெரியவில்லை; லாரிக்கே ஆர்.சி. புக்கு கிடைத்த மாதிரி அவன் முகம் விரிந்தது. பட்டையோடுதான் போகட்டும் என்று வரைந்தவர்களே முடிவு செய்தார்கள். படங்கள் அப்படியே கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி நாமக்கல் போய்ச் சேர்ந்தன. கயிற்றிலேயே ஏறாத மாமாவின் மரங்கள் மட்டும் போகவில்லை. அவருக்கு அது முடியவில்லையே.

அடுத்த சனிக்கிழமை நேரத்தோடு வரவேண்டும் என்று அம்மாவுக்கு அத்தை உத்தரவு போட்டார். எனக்கு நெஞ்சிலிருந்து மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. போண்டா இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

சாயங்கால பஸ்ஸில் மாமா சீட்டை அடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் பக்கத்தில் உட்காருவது நான்தான். அன்றைக்கு அம்மா என்னை முன் சீட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கே வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

பின்னால் யாரோ அண்ணன் முறைக்காரர் வந்திருக்கிறார் போல என்று எழுந்து எட்டிப் பார்த்தேன். ஒரு மரவள்ளிக் கிழங்கு மூட்டைதான் இருந்தது. மாமா நகர்ந்து இடம் விட்டார். அம்மா உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மாமாவின் கை, பழகிய இடத்துக்குப் போவதுபோல, அம்மாவின் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"யாரும்மா அண்ணன்?" என்று கேட்டேன். அதற்குள் அம்மா தூங்கிப்போயிருந்தாள். பாவம், அலைச்சலில் வாய் குழறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.