துப்பாக்கிக்குப் பூசிய சந்தனம்

காலை ஆறு பத்துக்குப் பெரியப்பாவின் கைத்துப்பாக்கி ஒரு தடவை வெடித்துவிட்டு நின்றுபோனது. எங்கள் கேழ்வரகுக் கொல்லையில் யானை நின்றிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், காவல் குடிசைக்குள் அம்மா.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதிர் பிடிக்கும் மாதத்தில் யானை வருவது புதிதல்ல. பட்டாளத்திலிருந்து வந்தபின் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த அந்தத் துப்பாக்கியால் பெரியப்பா வானத்தைப் பார்த்து நான்கைந்து தடவை சுடுவார், யானை திரும்பிவிடும். ஒரே வெடிக்கு அது காதைக்கூட அசைக்காது.

துப்பாக்கிக்கு இருந்த ஒரே குறை, ஆட்டினால் கடகடக்கும். "அது துப்பாக்கியா, கிலுகிலுப்பையா மாமா?" என்று என் தாய்மாமன் கேட்டதில் பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓசூர் லேத்துப் பட்டறையில் கொடுத்து, மேல்பாகம் துளியும் ஆடாதபடி இறுக்கி வாங்கிவந்தார். புற்றைக் குறிவைத்துச் சுட்டார். குண்டுகள் ஒரே இடத்தில் பாய்ந்தன. பிறகு ஒவ்வொருவர் காதருகிலும் ஆட்டிக் காட்டினார். "சத்தம் வருதா? வராது."

யானை வந்ததற்கு முந்தின நாள் ஆயுதபூஜை. ஏர், அரிவாள், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசுவது வருஷாவருஷம் என் வேலை. துப்பாக்கி புதிதாக மின்னியதால் அந்தத் தடவை அதற்குத் தாராளமாகவே பூசினேன். மறுநாள் மறுபூஜை முடியும்வரை துடைப்பது வழக்கமில்லை.

ஒவ்வொரு வெடிக்கும் பின்னே போய்த் திரும்பி வரவேண்டிய மேல்பாகம் முதல் வெடியோடு பாதியில் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பெரியப்பா அதை முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கும்போதே யானை குடிசையைச் சரித்துவிட்டு அவசரமில்லாமல் நடந்துபோனது. மூங்கிலுக்கடியிலிருந்து இழுத்தபோது அம்மாவின் கால் ஒடிந்திருந்தது. என் மகள் வீடு திரும்பப் பத்து நிமிஷம் தாமதமானால், அந்த மூங்கில் முறியும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

சந்தனத்தால்தான் நின்றுபோனதா? எல்லா வருஷமும் பூசியதுதானே. சரிசெய்த பிறகு ஒரு பொருள் எப்படிக் கெடும்?

பெரியப்பா ஆளனுப்பியதில் மத்தியானம் பட்டறைக்காரர் வந்தார். கன்னடக்காரர். துப்பாக்கியைப் பிரித்து, இடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சந்தனம் வருஷா வருஷம் வைக்கிறதுதான். உன் வேலைதான் தப்பு" என்றார் பெரியப்பா.

அதற்குப் பட்டறைக்காரர் சொன்னதில், எனக்கு அடி விழாது என்பதைத் தவிர வேறெதுவும் அன்று விளங்கவில்லை.

"முன்னாடி இதுக்குள்ள சந்தனம் போக எடம் இருந்துச்சு சார், மண்ணு போகவும் எடம் இருந்துச்சு. ஆடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அது தேஞ்சுபோனதால ஆடல சார். ஆடுறதுக்குன்னே செஞ்சிருந்தாங்க."