அழிக்காத பொட்டு

உள்ளறையில் இரும்பின் மேல் சுத்தியல் விழும் ஓசை கேட்டது. மணி போன்ற ஓசையல்ல. தொண்டை அடைத்தவன் முனகுவது போன்ற ஓசை.

சபாபதி வீட்டு முன்னறையில் நின்ற கிருஷ்ணம்மாவின் உடல் சிலிர்த்தது. சாயங்காலமானால் அந்த வீட்டில் ஏதோ முனகுகிறது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பயந்து சொன்னது பொய்யில்லை. "அண்ணே" என்று மெல்ல அழைத்தாள். ஓசை நின்றது. சபாபதி விளக்கோடு வெளியே வந்தார்.

லாபிஸ் என்ற ஊருக்குப் பக்கத்து மர ஆலையில் அவர் சங்கிலிகளைச் சோதித்துப் பார்ப்பவர். மரம் தூக்கும் சங்கிலியை மண்ணெண்ணெயில் நனைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணப்பொடி பூசுவார். மயிரிழை விரிசல் இருந்தாலும் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறுத்த கோடாக எழும். பிறகு ஒவ்வொரு வளையமாகத் தட்டிக் காதைக் கொடுப்பார். கடைசியில் இருமடங்கு பாரத்தைத் தொங்கவிடுவார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். சங்கிலியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஆலையில் கேலி பேசுவார்கள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று கருவிகளுக்கெல்லாம் சந்தனம் தெளித்தார்கள். கிருஷ்ணம்மா, தன் புருஷன் அய்யாவு அடியில் நின்று வேலை செய்யும் சங்கிலியில் ஒரு வளையத்துக்குத் தன் கையால் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தாள். அவனைக் காப்பாற்று என்று அதனிடம் வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எல்லா வளையங்களையும் துடைத்து வந்த சபாபதியின் கை, அந்த ஒன்றில் மட்டும் நின்றது. ஒரு சுமங்கலி வைத்த குங்குமத்தை, அவள் புருஷன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படி அழிப்பது? அய்யாவுவும், "விடுங்கண்ணே, அவ ஆசையா வச்சது" என்று சிரித்தான். தட்டியபோது ஒலி மங்கியிருந்தது. சந்தனத்தின் ஈரம் என்று நினைத்துக்கொண்டார். இருமடங்கு பாரத்தையும் சங்கிலி தாங்கிவிட்டது.

பிற்பகலில் அந்த வளையம் அறுந்தது. மரத்தின் அடியில் அய்யாவு கிடந்தான். எந்தக் குங்குமத்தை அழிக்க மனம் வராமல் அந்தக் கை தயங்கியதோ, அந்தக் குங்குமத்தை அவள் நெற்றியிலிருந்து ஊரார் அழித்தார்கள். இந்தக் கொடுமையை எந்தத் தெய்வத்திடம் போய்ச் சொல்வது?

இப்போது அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"என் பொட்டுத்தான் அவரத் தின்னுச்சுன்னு லயத்துல பேசுறாங்க. பொட்டுக்கு அடியில விரிசல் இருந்துச்சாண்ணே? இருந்துச்சுன்னா சொல்லிடுங்க. எம் மக நெத்தியத் தொடவே பயமா இருக்கு. இத்தன நாளா இந்தக் கையால அவளுக்குப் பொட்டு வைக்கல."

சபாபதி விளக்கோடு உள்ளே போனார்.

மேசை மேல் அறுந்த வளையம் கிடந்தது. முறிந்த முகத்தில் பாதி பளபளப்பு, பாதி துருவேறிய கறுப்பு. கறுத்த பாதி பழைய விரிசல். துடைத்திருந்தால் வெள்ளையில் கோடு எழுந்திருக்கும். ஒவ்வொரு மாலையும் அவர் தட்டிக் கேட்பது அதைத்தான். அந்த மங்கிய ஒலியில் அய்யாவு சிரிப்பது போலிருக்கும். பிறகு அந்தச் சிரிப்பு முனகலாக மாறும்.

அதைத் துணியால் மூடினார். அதே சங்கிலியின் வேறொரு நல்ல வளையத்தை எடுத்து, உளியால் ஆழமாகக் கீறி, சம்மட்டியால் ஓங்கி ஒரே அடி அடித்தார். முறிந்தது. முன்னறையில் நின்றவளுக்கு அதுவும் வழக்கமான தட்டலாகத்தான் கேட்டிருக்கும். நல்ல இரும்பும் அப்படிக் கீறி முறித்தால், கெட்ட இரும்பைப் போலவே முகம் சர்க்கரையாக மின்னும். அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

கீறலைக் கட்டைவிரலால் மறைத்து, முன்னறைக்கு வந்து விளக்கின் முன் நீட்டினார்.

"பாரு தங்கச்சி, அறுந்தது இதுதான். விரிசல் இருந்தா கறுத்திருக்கும். இதுல கறுப்பு இருக்கா?"

"இல்லண்ணே."

"இரும்பே கெட்டிருந்துச்சு. வெளிய ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. உன் பொட்டு ஒண்ணும் செய்யல. போய்ப் புள்ளைக்கு வச்சு விடு."

அவள் அந்த இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகை வந்தது, வெகுநாள் கழித்து வந்த அழுகை. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அப்புறம் ஏண்ணே தெனமும் தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

சபாபதியின் கட்டைவிரல் கீறலை விட்டு நகரவில்லை.

"பழக்கம் தங்கச்சி. இருட்டுது, கெளம்பு."

அவள் படியிறங்கிப் போனாள். சபாபதி கதவைச் சாத்தினார்.