மழை லீவில் பார்த்த பாலாறு

நனைந்த பிரேக் கட்டை சக்கரத்தில் உரசி எழுப்பும் கீச்சுச் சத்தம்தான் எனக்கு வேலூரின் மழைக்காலம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் எனக்கும் எதிர்வீட்டு நஸ்ரீனுக்கும் ஒரே வாரத்தில் கிடைத்தது. ஊரை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். ஆனால் அவள் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை லீவு, என் பள்ளிக்கு ஞாயிறு. அவள் அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் கம்பெனி வேலை கிடைத்து, மாதக் கடைசியில் குடும்பமே கிளம்பவிருந்த நேரத்தில், எங்கள் இருவருக்கும் பொதுவாக வானம் பார்த்துக் கொடுத்தது ஒரே ஒரு "மழை லீவு"தான்.

மழை விட்டதும் சைக்கிளை எடுத்தோம். "சாயங்காலம் அசர் பாங்கு சொல்றதுக்குள்ள வீட்ல இருக்கணும். இல்ல, ரெண்டு பேர் வண்டிக்கும் பூட்டுதான்" என்றார் நஸ்ரீனின் அம்மா; அவளைப் போலவே எனக்கும் அவர் அம்மிதான்.

கோட்டைச் சுவர் அகழித் தண்ணீரில் தலைகீழாக நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே சுற்றி, கடைத்தெருச் சேற்றில் சறுக்கி, பாலாற்றுப் பாலத்துக்குப் போனால் ஊரே அங்கே நின்றது. பிறந்ததிலிருந்து மணலாகவே பார்த்த ஆறு, கரையைத் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, இவ்ளோ ஜாஸ்தியா!" என்று கத்தினாள் நஸ்ரீன்.

நேரம் போனதே தெரியவில்லை. திரும்பும் அவசரத்தில், வரிசையாக நின்ற ஒரே நிறத்து அரசு சைக்கிள்களில் ஒன்றைத் திறந்து மிதித்தேன். என் சாவிக்கு அதுவும் சமர்த்தாகத் திறந்தது. கொஞ்ச தூரத்தில் என் சைக்கிளிலேயே ஒரு பெண் துரத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நில்லுக்கா! அது என் வண்டி! இதுல பிரேக்கே புடிக்கல, எப்டிக்கா ஓட்டுற?"

மூவரும் சிரித்து, வண்டி மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் பாங்கு கேட்டுவிட்டது.

அம்மி வாசலிலேயே நின்றிருந்தார். "மணி இன்னா?"

"அம்மி, ஆத்துல தண்ணி…" என்று இழுத்தாள் நஸ்ரீன்.

"நம்ம பாலாத்துலயா?" அம்மி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருங்க, தொழுதுட்டு வர்றேன். யார் வண்டி கேரியர் கெட்டி?"

வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று என் முதுகைக் குத்திக்கொண்டே வந்தவர், தண்ணீரைக் கண்டதும் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றுவிட்டார். "போலாம் அம்மி" என்று நாங்கள்தான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அந்தச் சைக்கிள் இப்போது இல்லை; பாலத்துக்குக் கீழே மறுபடியும் மணலும் முள்ளும்தான். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் பேரணாம்பட்டிலிருந்து போன் வந்துவிடுகிறது.

"பாலத்துப் பக்கம் போனியா?"

"போனேன் அம்மி. மணல்தான் இருக்கு."

"சரி, தண்ணி வந்தா ஒடனே சொல்லு. பஸ் ஏறிடறேன்."