ஹியூபேட்டின் தண்டனைச் சட்டக்கோவை

வாடிக்கையாளரின் மூக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் தொண்டைக்குழியில் சவரக்கத்தியை ஓட்டியபடிதான் ஹியூபேட் நாட்டின் சட்டத்தைத் திருத்துவார். "களவெடுத்தவனுக்கு என்னத்துக்குக் கோர்ட், வழக்கு? கையை எடுக்கோணும். சரிதானே?" கத்தி அந்த இடத்தில் நிற்கும்போது, இல்லை என்று சொன்னவர் கொட்டாஞ்சேனையில் இதுவரை யாருமில்லை.

சென்ற ஆண்டு அவருடைய ஸ்கூட்டரைப் பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் பிரதீஸ் களவாகக் கிளப்பிக்கொண்டு போனபின் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. ஸ்கூட்டர் மூன்றாம் நாளே தெஹிவளையில் அகப்பட்டது. பிரதீசுக்குச் சிறையில் ஆறு மாதம் மறியல். "சும்மா சோறு போட்டு வளர்க்கிறாங்கள்!" என்று கோயில் பாதரிடமும் முறையிட்டார். பாதர் மன்னிப்பைப் பற்றி ஏதோ தொடங்க, "ஸ்கூட்டர் உங்கட இல்லைதானே, பாதர்" என்று பிரசங்கத்தை முடித்துவைத்தார்.

போன செவ்வாய் காலை அதே பிரதீஸ் தொப்பியோடு சலூனுக்குள் வந்து நின்றான்.

"அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாளைக்கு ஹாபர்ல ஒரு வேலைக்கு இன்டர்வியூ. மத்த சலூன்ல ஒருத்தரும் என்னைக் கதிரையில ஏத்துறாங்கள் இல்லை." தொப்பியைக் கழற்றினான்.

முறைக்குக் காத்திருந்த றவூப் நானா பேப்பரை மடித்தார். "என்ன ஹியூபேட், கையை எடுக்கப் போறீங்களா?"

ஹியூபேட்டின் காதில் அது விழவில்லை. அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் புதர், மறுபக்கம் தரிசு, காதோரம் படிக்கட்டு.

"ஆரடா இதை வெட்டினது?"

"உள்ளுக்கை, அங்கிள். இன்னொரு கைதி."

"அவன் என்ன செஞ்சு போனவன்?"

"கசிப்புச் சாராயம் காய்ச்சின கேஸ்."

"இந்த வெட்டுக்கே அவனுக்குப் பத்து வருஷம் குடுக்கலாம். இரு!"

கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஹியூபேட் உறுமினார். "நீ திருந்தினியா?"

"தெரியாது, அங்கிள். அங்க பூட்டு உடைக்க நாலு பேர் படிப்பிச்சவங்கள். ஒரு தொழில் படிப்பிக்க ஒருத்தரும் இல்லை."

கத்தரிக்கோல் நின்றது. "ஆறு மாசமும் அதுதானா?"

"ஓம்."

ஹியூபேட்டுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. தூரிகையைச் சவர்க்காரத்தில் தேவைக்கு மேல் அடித்து நுரை எழுப்பினார். பிறகு முக்கால் மணி நேரம் அந்தப் புதரையும் படிக்கட்டையும் திருத்திக்கொண்டிருந்தார். றவூப் நானா இரண்டு தடவை இருமியும் பார்த்தார்.

வேலை முடிந்ததும் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பிரதீசின் பின்கழுத்துக்கு நேரே பிடித்தார்.

"பின்பக்கம் சரியோ, பாருங்கோ" என்று எந்த வாடிக்கையாளரையும் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அதை அசைக்காமல் வைத்திருந்தார்.