கொசுவம் இல்லாத கட்டு

எங்கள் கடைத் துணி மூட்டையோடு அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி, வாந்தி எடுக்காமல் மலைப்பாதை வளைவுகளைத் தாண்டிவிட்டால் போதும், என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மலைப் பெண்கள் சேலை கட்டும் அழகைப் பற்றிக் கேட்பவர் காது புளிக்கும்வரை பேசுவேன். கொசுவம் கிடையாது. மாரிலிருந்து ஒரே சுற்று, தோளில் ஒரு முடிச்சு, கெண்டைக்காலோடு சேலை நின்றுவிடும். அந்தக் கட்டோடு மிளகுச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் விறுவிறுவென்று போவார்கள். உனக்கெல்லாம் இந்த மிடுக்கு வருமா என்று என் மனைவியிடமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூற்றொன்பதில், மலைமேல் அரியூர் நாட்டு ஊர் ஒன்றில் என் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் மகளுக்குக் கல்யாணச் சேலை கேட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ராசிபுரத்தில் வேலை. பெண் அங்கேதான் வாழப்போகிறாள். நான் சும்மா இருந்திருக்கலாம். தறிக்காரரிடம் சொல்லி, மலைக்கட்டுக்கென்றே நீளத்தைக் குறைத்து, அரக்குச் சிவப்பில் ஒரு சேலை நெய்து வாங்கிப் போனேன்.

அந்த அம்மா சேலையை முழம் போட்டார். மறுபடியும் போட்டார்.

"இதுவும் கொறச்சல்தானுங்களா?"

"உங்க கட்டுக்குன்னே நெய்யச் சொன்னதுங்கம்மா" என்றேன், பெருமை தாங்காமல்.

"மத்தவங்க எதுக்கு இப்படிக் கட்டுனாங்களோ எனக்குத் தெரியாதுங்க. எங்கூட்ல வேற வழியில்லாமக் கட்டுனது. எங்கம்மா மிளகைக் கொண்டாந்து உங்கப்பாரு கடையிலதான் சேலை வாங்கும். முழுச் சேலைன்னுதான் குடுப்பாரு. இடுப்பைச் சுத்துனா தோளுக்கு எட்டாது. அவரு அளக்குற கோலே நீளம் கொறச்சலுங்க. கேட்டதுக்குக் கடைப்படி ஏறாதேன்னுட்டாரு."

கோபமே இல்லாமல்தான் சொன்னார்.  இத்தனை வருடம் இந்த வாசலில் உட்கார்ந்து, இவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அந்தச் சேலைக்கட்டை நான் மெச்சியிருக்கிறேன்.

"எம்மவளாச்சும் கொசுவம் வெச்சுக் கட்டட்டுங்க. போற ஊர்ல அவளைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது."

மூட்டையில் இருந்த முழுச் சேலைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணே வந்து அளந்து பார்த்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புச் சேலையைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

அப்பா கடையில்தான் இருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே அந்த அளவுகோலைப் பற்றிக் கேட்டேன். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நம்பிக்கொள்கிறேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அவர் மறுக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைக்கவும் இல்லை.

"அந்தக் காலத்துல எல்லாரும் பண்ணுனதுதான் கண்ணு. இப்ப என்ன கெட்டுப் போச்சு? அவங்களுக்கு அது அழகாத்தானே இருக்குது. நீயேதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே?"