படங்கில் வைத்த பை

மருமகளின் மூச்சுப் பம்ப்பை எங்கே வைப்பது என்பதுதான் அப்போது எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. இழுப்பு வந்தால் அவளுக்குக் குரல் நின்றுவிடும், உதடு கறுத்துப்போகும். பதுளை ஆஸ்பத்திரியில் பம்ப்பைக் கொடுத்த டாக்டரம்மா, "இது எப்பவும் கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கொழுந்து எடுக்கிறவளுக்குக் கைக்கு எட்டுகிற இடம் எது? தலையில் மாட்டிய கொழுந்துப் பையில் போட்டால் இலைக்கு அடியில் போய்விடும். சட்டையின் நெஞ்சுப் பையில் வைத்தால் குனியும்போது விழுந்து சரிவில் உருண்டுவிடும். இடுப்பில் செருகலாம் என்றால், அதற்கு மேல்தான் படங்கு கட்டுகிறோம். தேயிலைக் குச்சி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த நீலச் சாக்கு அது. கட்டினால் மத்தியானம் வரை அவிழ்ப்பதில்லை.

"அத்தை, படங்கு மேலேயே பேட்ச் பாக்கெட்டு வச்சிருவோம்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கார்மெண்ட்டில் வேலை பார்த்தவள்.

"அப்படின்னா?"

"துணிய வெட்டி உள்ளுக்குப் பை தொங்க விடுறது வேற. இது தனியா ஒரு துண்டு வெட்டி, ஓரத்த மடிச்சு, வெளிப்பக்கமா வச்சு மூணு பக்கம் தைக்கிறது. மேல் பக்கம் வாய். ஆம்பளைங்க சட்டையில நெஞ்சுல இருக்கே, அதேதான்."

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒட்டுப் போட்டால் வெளியே தெரியாமல் உள்பக்கமாக வைத்துத் தைத்தே பழகியவள் நான். எல்லாரும் பார்க்கும்படி வைப்பதா? ஆனாலும் தைத்தோம். பழைய படங்கில் வெட்டிய நீலத் துண்டு, கோணி ஊசி, வெள்ளை நூல். வாயின் இரண்டு மூலையிலும் கூடுதலாகத் தைக்கச் சொன்னாள். கை நுழைந்து நுழைந்து முதலில் பிய்வது அங்கேதானாம்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு அது போதாதா? "அடியே, பாக்கெட்டு வச்ச கோட்டுப் போட்டுக்கிட்டு தொரசாணி வர்றாங்க, வழி விடுங்க! உள்ள என்ன தொரசாணி, பங்களாச் சாவியா?"

"ஒங்க வாய்க்குப் பூட்டு, அக்கா" என்றாள் மருமகள்.

ஒரு மத்தியானம் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் படங்கை அவிழ்த்துத் தரையில் விரிப்பார்கள். அதில் கொழுந்தைக் கொட்டி, முற்றல் இலையைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் தராசுக்குக் கொண்டுபோவார்கள். அன்று நிறுத்து முடிவதற்குள் ஹல்துமுல்லைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. "மழைக்கு முன்ன நெரைய முடிங்க, நெரைய முடிங்க" என்று கங்காணி விரட்டினார். நீலம் நீலமாகக் கிடந்த படங்குகளில் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். மருமகள் மேல் செடிவரிசை நிரைக்கு, பக்கத்து வீட்டுக்காரி கீழ் நிரைக்கு.

நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். கீழே இறங்கிப்போகும் பக்கத்து வீட்டுக்காரியின் பின்பக்கத்தில் வெள்ளைத் தையல் தெரிந்தது. மருமகளின் படங்கை முன்பின் மாற்றிக் கட்டியிருக்கிறாள். பைக்குள் பம்ப் புடைத்துக்கொண்டு நின்றது.

மேலே பார்த்தேன். மேல் நிரையே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. இன்னொன்று கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

ஏறிப்போக என் முழங்கால் விடாது. கத்தத்தான் வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்ட காலத்திலேயே என் "இருக்கேங்க" கங்காணிக்கு எட்டியதில்லை, பக்கத்தில் நிற்கிறவள்தான் எனக்காகச் சொல்வாள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன்.

"ஏய்! பாக்கெட்டு! ஓம் பின்னால பாக்கெட்டு!"

அவள் துள்ளித் திரும்பினாள். "என்ன பெரியம்மா, பாம்பா?"

"பம்ப்பு ஓங்கிட்ட இருக்குடி! புள்ள மேல இருக்கா!"

பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். முகம் மாறிப்போனது. பாதையைத் தேடவில்லை, செடிகளுக்கு நடுவே நேராக ஏறினாள். இன்னும் ரெண்டு பேர் பின்னாலேயே ஓடினார்கள். பனி அவர்களை மூடிக்கொண்டது. குச்சி முறிகிற சத்தமும் கூப்பாடும் மட்டும் வந்தன.

"எங்கடி இருக்க? கொரல் குடு!"

குரல் கொடுக்க முடியாதவளைத்தான் தேடுகிறார்கள். "குனிஞ்சு பாருங்க! செடிக்கு அடியில பாருங்க!" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். கோப்பைகள் எப்போது கையிலிருந்து விழுந்தன என்று தெரியாது.

"இருக்கா! இங்க இருக்கா!"

"பம்ப்பு குடுத்தியா?"

கைகளை வாயருகே குவித்து மறுபடி கத்தினேன்.

"குடுத்தியாடி?"

"வாயில வச்சுட்டேன், பெரியம்மா. மூச்சு வருது. வருது."

கைத்தாங்கலாக இறக்கிவந்து சாக்கில் உட்காரவைத்தார்கள். நெஞ்சு விசிலடித்தது. உதட்டில் நிறம் திரும்ப நேரமானது. என்னைப் பார்த்தாள்.

"அத்தை... கத்துனது நீங்களா?"

தலையாட்டினேன். குரல் திரும்பவும் போய்விட்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி படங்கை அவிழ்த்து, பை முன்பக்கம் வருமாறு தானே அவளுக்குக் கட்டிவிட்டாள். முடிச்சை இரண்டு தடவை இறுக்கினாள். "தொரசாணி கோட்டை இனி தொடவே மாட்டோம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மருமகள் பம்ப்பைப் பைக்குள் போட்டு, அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் சிவப்புச் சேலையில் ஒரு துண்டு வெட்டினேன். நீலப் பையின் மேலேயே வைத்து, ஓரம் மடித்துத் தைத்தேன். கீழ் ரோட்டில் நின்று பார்க்கிறவருக்கும் தெரியட்டும்.