டையூ கோட்டையில் எண்ணிய பீரங்கிகள்

அத்தைக்குக் கல்யாணம் கூடிவந்த கோடையில், தாராவியிலிருந்து நாங்கள் டையூ தீவுக்குப் போனோம். அவள் புருஷன் வீட்டுக்குப் போகுமுன் எல்லாரும் சேர்ந்து ஓர் ஊர் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. போர்த்துகீசியர் கட்டிய துறைமுகம், கோட்டை, கோயில் என்று பஸ்ஸில் வழிநெடுக வரலாறு சொன்னார். அங்கே பீர் மலிவு என்கிற வரலாற்றை மட்டும் சொல்லவில்லை.

எனக்கு எட்டு வயது. அத்தை தாதரில் நர்ஸ். மருந்து வாசனையடிக்கும் அவள் கையைப் பிடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். காட்கோபர் மாப்பிள்ளை வீட்டார் அவள் வேலையை விட வேண்டும் என்றார்கள். அப்பா சரியென்றுவிட்டார், அத்தையை யாரும் கேட்கவில்லை. வேலை போவதைப் பற்றி எனக்கென்ன? அந்தக் கை போய்விடுமே என்றுதான் கவலை.

டையூவில் ஒரு பழைய மாதா கோயிலை மியூசியம் ஆக்கியிருந்தார்கள். மரத்தாலான புனிதர்கள் மூக்கும் விரலும் போய் வரிசையாக நின்றார்கள். அத்தை சட்டென்று முக்காடு போட்டு ஒருவர் முன்னால் முழங்காலிட்டாள். நானும் இட்டேன். காவலாளி பதறி ஓடிவந்து, இது மியூசியம், இங்கே கும்பிடக் கூடாது என்று இந்தியில் சொன்னார்.

"அவரு இங்கதானய்யா இருக்காரு!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

மூக்கில்லாத அந்தப் புனிதரிடம் நான் கேட்டது ஒன்றுதான். இந்தக் கல்யாணம் நின்றுபோக வேண்டும்.

சாயங்காலம் அப்பா லாட்ஜிலேயே தங்கிவிட்டார். அவருடைய மொபைலை வாங்கிக்கொண்டு அத்தை என்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனாள். மதில்மேல் போனுக்கு டவர் கிடைத்ததும், "ஏட்டி, பீரங்கி எத்தனன்னு எண்ணிட்டு வா" என்றாள். எண்ணிவிட்டு ஓடிவந்தேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"தப்பா எண்ணியிருப்ப. இன்னொருக்க எண்ணு, போ."

கணக்கில் வகுப்பிலேயே முதல் நான்! கோபத்தோடு மறுபடி எண்ணிவிட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டைக் கிழித்துக் கடல் பக்கம் விட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கடற்காற்று என்று நினைத்தேன்.

ஊர் திரும்பிய மறுநாளே தரகர் வந்தார். பையனுக்கு இஷ்டமில்லையாம். அம்மா அழுதாள், அப்பா சாப்பிடவில்லை. தலை பின்னிவிட்ட அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"நாந்தான் அத்த வேண்டிக்கிட்டேன்."

அவள் பின்னலை விட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு என்னை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"யார்ட்டயும் சொல்லிராத. ரொம்ப சக்தியுள்ளவருல்லா அவரு."

நான் சொல்லவில்லை. அதற்குப்பின் பல வருஷம் ஒவ்வொரு பரீட்சைக்கும் மூக்கில்லாதவரைத்தான் வேண்டினேன். ஒரு தடவைகூட அவர் காதில் விழவில்லை. அத்தைக்காக மட்டும் எப்படி உடனே கேட்டார் என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, பீரங்கிகளை அவள் ஏன் இரண்டு தடவை எண்ண வைத்தாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.